கிளச் பற்றிய ஒரு திருத்தம்

1

காலை ஆறு மணி நாற்பத்திரண்டு. சமையலறை யன்னலால் முதலில் தெரிந்தது, வண்டியின் முன்சில்லுகள் இரண்டும் நிலத்தை விட்டு ஒரு சாண் எழும்பித் திரும்ப விழுந்ததுதான். அதன் மேலே இருந்த என் மகள் அதற்குப் பிறகுதான் தெரிந்தாள்.

வடநோர்வேயில் நாங்கள் இருக்கும் ஊரில் சமதரை என்றால் துறைமுகமும் பள்ளிக்கூட மைதானமும் மட்டும். மற்றதெல்லாம் ஏற்றம் அல்லது இறக்கம். வாசலிலிருந்து மேலே போகும் பாதையில் அன்று புல்லின் மேல் உறைபனி படிந்திருந்தது. புரட்டாதிக் கடைசி. கோடை முழுவதும் மலையில் மேய்ந்த செம்மறிகளை இறக்கும் காலம். அயல்வீட்டுக்காரரின் மந்தையைச் சேர்க்க மகள் நிலா சனிக்கிழமைகளில் போகிறாள். அவளுக்குப் பதினாறு வயது. இங்கே பதினாறில் உழவு இயந்திரம் ஓட்ட அனுமதிப் பத்திரம் எடுக்கலாம். எங்கள் வண்டி காகிதத்தில் உழவு இயந்திரமாகப் பதியப்பட்டிருக்கிறது. அது இதுவரை எதையும் உழுததில்லை. மோட்டார் சைக்கிளின் கைபிடி, மோட்டார் சைக்கிளின் இருக்கை, கீழே தடித்த நாலு சில்லுகள். நோர்வேக்காரர் தங்கள் மொழியில் இதை 'நாலு சில்லு' என்கிறார்கள். இலங்கையில் மன்னார் மாவட்டத்து வெள்ளாங்குளத்திலும் அதே பெயர்தான் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது.

நிலா கையுறையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்திருந்தாள்.

"பெருவிரலை எடுக்காமல் கியர் தட்டினனி, என்ன?" என்று கேட்டேன். இந்த வண்டியில் வேகம் கொடுப்பது வலது பெருவிரலால்.

"எடுத்தனான் அப்பா. கொஞ்சம் லேட்டா எடுத்தனான்."

"கிளச் லீவர் இல்லாத வண்டியில அதுதான் முக்கியம்."

"கிளச் எண்டா என்ன?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் பிறந்த பிறகு நாங்கள் வாங்கிய கார்கள் எல்லாம் தானாகக் கியர் மாற்றுபவை. அந்தச் சொல்லைத் தமிழிலோ நோர்வே மொழியிலோ கேட்கும் தேவை அவளுக்கு வந்ததில்லை.

அடுப்படியிலிருந்து என் மனைவி வசந்தி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அதை அவரிட்டைக் கேளாத பிள்ளை. கிளச்சைப்பற்றி அவர் சொன்னதைக் கேட்டு ஏற்கெனவே ஒரு ஆள் வாய்க்காலுக்குள்ள போனது."

"ஆர்?"

"என்ர தம்பி."

நிலா கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றாள். பிறகு நேரம் பார்த்தாள். "பின்னேரம் சொல்லுங்கோ," என்றுவிட்டுப் போனாள். இரண்டாவது தடவை முன்சில்லுகள் எழும்பவில்லை.

நான் வெளிநாடு வருவதற்கு முன் பதினொரு வருடம் ஒரு பத்திரிகைக்கு மன்னார் நிருபராக இருந்தேன். பிழையான செய்தி வந்தால் இரண்டாம் பக்கத்தின் கீழ் மூலையில் நாலு வரியில் திருத்தம் போடுவோம். அதை யாரும் வாசிப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். இந்தத் திருத்தத்துக்கு நான் கொஞ்சம் கூடுதலாக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

2

அது போர் முடிந்து மூன்றாவது வருடம். நிலாவுக்கு அப்போது நாலு வயது. வசந்தியின் தம்பி சிவபாலனும் அவன் மனைவி கலாவும் முகாமிலிருந்து வெள்ளாங்குளத்துக்குத் திரும்பி ஒன்றரை வருடமாகியிருந்தது. வளவுக் கிணற்றை இறைத்துவிட்டார்கள். வயலில் பாதிதான் மிதிவெடி அகற்றிக் கையில் கிடைத்திருந்தது. மறுபாதியின் எல்லையில் சிவப்புத் தடிகள் நின்றன.

சிவபாலனுக்கு இடது கையில் இருப்பது பெருவிரல் மட்டும். மற்ற நாலு விரல்களும் போரின் கடைசி மாதங்களில் ஷெல் துண்டு பட்டுப் போயின. முகாமை விட்டு வந்த நாளிலிருந்து அவன் பெயர் பல பட்டியல்களில் ஏறியது. எல்லாப் பட்டியல்களுக்கும் தலைப்பு ஒன்றுதான்: உதவி தேவைப்படுவோர். அவற்றின் பயனாகக் கூரைத் தகரம் வந்தது, இரண்டு ஆடுகள் வந்தன, ஒரு தையல் இயந்திரமும் வந்தது. எல்லாவற்றுக்கும் கையொப்பம் வைத்து வாங்கினான். தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்த உத்தியோகத்தரிடம் மட்டும், "இதை ஓட்டுறதுக்கும் ஒரு ஆள் தருவியளோ?" என்று கேட்டானாம்.

அந்த ஆவணியில் மிதிவெடி அகற்றிய வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தன் முகாமை மூடியது. போகும்போது ஒரு பழைய நாலு சில்லு வண்டியை ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனது. விதைநெல்லும் பசளையும் குளக்கட்டால் வயலுக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல வண்டி கிடையாது. உழவு இயந்திரம் புதையும் இடத்தில் அது புதையாது. அதற்கு ஒரு சாரதி வேண்டும். அந்த வேலையைச் சிவபாலன் கேட்டான்.

அமைப்பின் தலைவர் பரமசிவம் நிதானமான மனிதர். கூட்டத்தில் அவர் சொன்னதைச் சிவபாலன் எனக்குப் பிறகு ஒருநாள் அப்படியே ஒப்புவித்தான். "கிளச் பிடிக்கிற கை இடது கை. உனக்கு அதில விரல் இல்லை. கிளச் பிடிக்காமல் கியர் மாத்தினால் பெட்டி உடையும். உடைஞ்சால் இந்த நாட்டில அதுக்குச் சாமான் இல்லை."

சிவபாலன் தன்னால் முடியும் என்றிருக்கிறான். அதற்குப் பரமசிவம், "உன்ர அத்தான் நோர்வேயில அதுதானே வைச்சிருக்கிறார்? அவரிட்டைக் கேட்டுக்கொண்டு வா," என்றிருக்கிறார்.

ஆகவே கேள்வி என்னிடம் வந்தது.

"அத்தான், நீங்கள் ஓடேக்க கிளச் பிடிக்கிறனீங்களோ?"

"இல்லை."

"ஒருநாளும்?"

"இஞ்ச ஒருத்தரும் பிடிக்கிறேல்லை. பெருவிரலை ஒருக்கா விட்டிட்டுக் காலால தட்டினால் மாறும். அவ்வளவுதான்."

"நிண்டு வெளிக்கிடேக்கையும்?"

"ஓம். முதலாம் கியரைத் தட்டிப்போட்டு வேகத்தைக் குடு. போகும்."

பிறகு, "நான் லீவருக்கு ஒரு வளையம் போடுவம் எண்டு யோசிச்சனான்," என்றான்.

"என்னத்துக்கு? தேவையில்லை."

எங்கள் ஆசிரியர் புதிய நிருபர்களிடம் சொல்லும் விதி ஒன்று இருந்தது. கேள்வி எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு அதைத் திருப்பிக் கேள். லீவர் என்றதும் எந்த லீவர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் வண்டியில் இடது கைக்கு இருப்பது பிரேக் மட்டும். அவன் வண்டியும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். அழைப்பு நாலு நிமிடம் நடந்தது. அதில் பாதி நேரம் இங்கே எவ்வளவு குளிர் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3

என் சொந்தக் கிளச் வரலாறு பெருமைக்குரியது அல்ல.

இலங்கைச் சாரதி அனுமதிப் பத்திரத்தை நோர்வேயில் மாற்றித் தரவில்லை. முப்பத்துநாலு வயதில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து முதலிலிருந்து படித்தேன். வழுக்குப் பாதையில் ஓடப் பழகும் பயிற்சிக்கும் போனேன். பரீட்சையில் தவறினேன். பரிசோதகர் ஒரு படிவத்தில் ஒரேயொரு இடத்தில் வட்டமிட்டுத் தந்தார். இறக்கத்தில் கிளச்சை அழுத்திக்கொண்டு காரை உருளவிட்டேன் என்பது குற்றம். பனியில் அப்படி ஓடினால் இயந்திரத்தின் பிடி இல்லாமல் கார் சறுக்கும்.

அது எனக்குப் பழக்கம். மன்னாரில் நிருபராக இருந்தபோது பெற்றோலுக்கு வரிசை. உயிலங்குளத்து வீட்டிலிருந்து மன்னார்ப் பட்டினம் வரை மோட்டார் சைக்கிளில் வேகமெடுப்பது, கிளச்சைப் பிடிப்பது, உருளவிடுவது, திரும்ப வேகமெடுப்பது. அந்தத் தரையில் இறக்கமே இல்லை. ஆனாலும் உருளும். பாலத்தில் காற்று முதுகுப் பக்கம் என்றால் இன்னும் உருளும். சேமித்த பெற்றோலில் பேசாலைக்கு ஒரு செய்திக்குப் போய்வரலாம்.

இரண்டாம் தரம் கிளச்சைத் தொடாமல் இறங்கிச் சித்தியடைந்தேன். அதன் பிறகு தானியங்கிக் கார் வாங்கினேன். கிளச் என்ற விசயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

4

சிவபாலன் முதல்முறை வண்டியை எடுத்த அன்று நடந்ததைத் தொலைபேசியில் மூன்று பேரிடம் கேட்டேன். மூன்றும் ஒன்றுக்கொன்று முழுதாகப் பொருந்தவில்லை. அதனால் நம்பலாம்.

கலாவின் சொல்: "அண்ணை, வண்டி நிண்ட இடத்தில இருந்து தவளை மாதிரிப் பாய்ஞ்சது. இவர் மேல இருக்கிறார், பின்னால ரண்டு மூட்டை விதைநெல். அப்பிடியே வாய்க்காலுக்குள்ள. ஆளுக்கு ஒண்டுமில்லை. வெக்கம்தான்."

பரமசிவத்தின் சொல்: வண்டி பாய்ந்தது ஒன்றரைப் பாகம், ஒன்பது அடி. இயந்திரம் நின்றுவிட்டது. கியர்ப்பெட்டிக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தன் காதால் கேட்டார்.

சிவபாலனின் சொல்: "நியூற்றல்ல ஸ்டார்ட் பண்ணினனான். முதலாம் கியரைத் தட்டினனான். பாய்ஞ்சிட்டுது."

"விதைநெல்?"

"நனைஞ்சிட்டுது. யோகன் சொன்னான், எப்பிடியும் ஊறப்போடத்தானே இருந்தது எண்டு. எல்லாரும் சிரிச்சவை."

யோகன் அந்த ஊரில் இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஓட்டுபவன். அன்று பின்னேரமே வண்டியின் சாவி அவனிடம் போனது.

"நீ என்ன சொன்னனி?" என்று சிவபாலனிடம் கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை அத்தான். நீங்கள் சொன்னமாதிரித்தான் செய்தனான்."

குற்றம்சாட்டும் குரல் அல்ல அது. கேட்டதற்குப் பதில். எனக்கு அதற்கு மேல் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"வண்டியைக் கீறி அனுப்பு. எந்தக் கைக்கு எந்த லீவர், எந்தக் காலுக்கு என்ன, எல்லாம்."

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. கொப்பித்தாள் ஒன்றில் பேனையால் கீறிய படம். சில்லுகள் நாலும் வட்டமாக இல்லை, ஆனால் லீவர்கள் சரியாக இருந்தன. வலது பக்கம் முன் பிரேக். வலது காலுக்குப் பின் பிரேக். இடது காலுக்குக் கியர். இடது கைக்கு ஒரு நீண்ட லீவர். அதிலிருந்து ஒரு வயர் இயந்திரத்துக்குள் இறங்குகிறது. வயரின் நடுவில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தான்: கிளச்.

5

எங்கள் ஊரில் வண்டி திருத்துபவரின் பெயர் ஊலா. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவருடைய கராஜ். அவரோடு பேசுவது எனக்கு வசதி. அவர் ஒரு கேள்விக்கு இரண்டு வசனத்துக்கு மேல் பதில் சொல்வதில்லை, அதனால் இலக்கணம் பிழைக்கும் அளவுக்கு நானும் பேசத் தேவையில்லை.

படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்லாக் கீறியிருக்கிறான். உன் வண்டி இது இல்லை."

"என்ன வித்தியாசம்?"

"உன் வண்டிக்கும் கிளச் இருக்கிறது. நீ காலால் கியரைத் தட்டும்போது அதே தட்டு கிளச்சையும் தளர்த்துகிறது. வேகம் குறைந்தால் தானாகவே விடுபடும், கூடினால் தானாகவே பிடிக்கும். உனக்குத் தெரியாமல் உன் காலும் இயந்திரமும் அதைச் செய்கின்றன." அன்று அவர் இரண்டு வசனத்தைத் தாண்டினார். "இவனுக்கு அதை இவன் கைதான் செய்ய வேண்டும்."

அந்தக் கையில் விரல் இல்லாத விசயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய கியர்ப்பெட்டியின் பாதியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். அதற்குள் இருந்த பற்சில்லுகளின் பக்கவாட்டில் தடித்த பற்கள் இருந்தன. ஒரு சில்லின் பல் அடுத்த சில்லின் குழிக்குள் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இயந்திரம் இழுக்கும்போது பல்லும் குழியும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். அப்போது காலால் என்ன தட்டினாலும் அசையாது, அல்லது உடைந்து அசையும். பெருவிரலை விட்டவுடன் ஒரு கணம் இறுக்கம் தளரும். அந்தக் கணத்தில் கால் தட்டினால் கிளச் இல்லாமலே மாறும்.

"அப்ப கிளச் பிடிக்கத் தேவையில்லைத்தானே?"

"கியரை மேலே ஏற்றும்போது, பழகியவனுக்குத் தேவையில்லை. கீழே இறக்கும்போது பிடிப்பது நல்லது. நின்ற இடத்திலிருந்து கிளம்பக் கட்டாயம் வேண்டும். நிறுத்தவும் வேண்டும்."

"பழகாதவன் கிளச் இல்லாமல் மாற்றினால்?"

பல்லின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். அது கூர்மை போய் உருண்டிருந்தது. "இதை ஓட்டியது என் தம்பி," என்றார்.

வீட்டுக்கு வந்து வசந்திக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படத்தை மேசையில் வைத்துப் பார்த்தாள்.

"கேக்காமல் சொல்லிப்போட்டியள்," என்றாள். "பேப்பர்காரர்."

அன்றிரவே கடிதம் எழுதினேன். கமக்காரர் அமைப்பின் தலைவருக்கு.

'திருத்தம். அமைப்பின் நாலு சில்லு வண்டியில் நின்ற நிலையிலிருந்து வெளிக்கிடும்போது கிளச் பிடிக்கத் தேவையில்லை என்று நான் தொலைபேசியில் கூறியது பிழை. அது வேறு வகை வண்டிக்கு உரியது. வெளிக்கிடவும் நிறுத்தவும் கியர் இறக்கவும் கிளச் பிடிக்க வேண்டும். ஓட்டத்தில் கியர் ஏற்றுவதற்கு மட்டும், பழகியவர்களுக்கு, அது தேவையில்லை. வாய்க்காலுக்குள் போனது கூறியவரின் பிழை, ஓட்டியவரின் பிழை அல்ல.'

6

ஐப்பசியில் பத்து நாள் விடுமுறையில் போனேன். வசந்தியின் தகப்பனுடைய காணி உத்தரவுப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்திருந்தது. அதற்குப் பிரதி எடுக்க மன்னார்க் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், ஒரு கையொப்பம் வைக்க வேண்டும் என்பது வெளிப்படையான காரணம்.

சிவபாலனும் என்னோடு மன்னாருக்கு வந்தான். கச்சேரி வேலை முடிந்த பிறகு, சாரதி அனுமதி பற்றி விசாரிக்க இன்னொரு கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் அவன் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"எந்த வீதியில ஓடப்போறியள்?"

"வீதியில இல்லை. வயலுக்குள்ள."

"அப்ப என்னத்துக்கு என்னட்டை வந்தனீங்கள்? குளக்கட்டுக்கு நாங்கள் லைசென்ஸ் குடுக்கிறேல்லை, ஐயா."

வெளியே வந்து அவன் சிரித்தான். நிழலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே இடம் பிடித்து ஒரு கழுதை நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தோம்.

"நீ என்னைக் கேட்டது ஏன்?" என்றேன். "உனக்குத் தெரியாதோ?"

"எனக்குத் தெரியும் அத்தான். தலைவருக்குத்தான் தெரியாது. வெளிநாட்டில இருந்து ஒரு ஆள் சொன்னால் கேப்பார் எண்டு பாத்தன். பிறகு நீங்கள் சொன்னதைக் கேக்க, எனக்கே சந்தேகம் வந்திட்டுது. அங்கத்தைய வண்டி, அங்கத்தைய ஆள், இவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டு வளையத்தைப் போடாமல் விட்டனான்."

தனக்குத் தெரிந்ததை அவன் எப்படித் தெரிந்துகொண்டான் என்பது அடுத்த நாள் கமக்காரர் அமைப்பின் கொட்டிலில் வெளியே வந்தது. என் திருத்தத்தைப் பற்றித்தான் பரமசிவத்திடம் முதலில் கேட்டேன்.

"வாசிச்சனாங்கள். எங்கட பைல் கோவையில கிடக்கு," என்றார். "தம்பி, முதல் தேவையில்லை எண்டு சொன்னதும் நீங்கள். பிறகு தேவை எண்டு எழுதினதும் நீங்கள். எதை நாங்கள் நம்புறது?"

பதில் யோகனிடமிருந்து வந்தது. அவன் கொட்டில் வாசலில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"இவன்ர மோட்டார் சைக்கிள்ள கிளச் வயர் அறுந்து ரண்டு வருசம் ஓடினவனெல்லோ. மண்ணெண்ணெய்க் காலத்தில."

போர்க்காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் வருவதில்லை. சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். உதிரிப்பாகமும் வருவதில்லை. சிவபாலனின் கிளச் வயர் அறுந்தபோது புது வயர் இல்லை. சைக்கிள் பிரேக் வயரைக் கட்டினான், அதுவும் அறுந்தது. அதன் பிறகு கிளச் இல்லாமலே ஓடினான். நியூற்றலில் கிளப்பி, கூடவே ஓடித் தள்ளி, வேகம் வந்ததும் பாய்ந்து ஏறி முதலாம் கியரைத் தட்டுவது. மற்ற கியர்கள் எல்லாம் இயந்திரத்தின் சத்தத்தைக் காதால் கேட்டு மாற்றுவது. வெள்ளாங்குளம் தட்டைத் தரை, அதனால் வண்டியைக் குளக்கட்டில் அல்லது மதகில்தான் நிறுத்துவான், வெளிக்கிட ஒரு சரிவு வேண்டும் என்று. கட்டில் வண்டி நின்றால் அவன் பக்கத்தில் எங்கேயோ என்பது ஊருக்குத் தெரியும்.

"இதை ஏன் கூட்டத்தில ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஆரும் கேக்கேல்லை," என்றான் யோகன். பிறகு தலைவரைப் பார்த்தான். "உங்களுக்கே தெரியுமெல்லோ அண்ணை. நீங்கள் காய்ச்சலில கிடக்கேக்க ஆஸ்பத்திரிக்கு ஆர் கொண்டுபோனது? அந்த மோட்டார் சைக்கிள்ளதானே போனனீங்கள்?"

"அப்ப எனக்குக் காய்ச்சலடா. கிளச்சை நான் பாக்கேல்லை."

"நாங்கள் மூண்டுபேர் தள்ளிவிட்டனாங்கள்."

"தள்ளினது தெரியும். ஏன் எண்டு தெரியாது."

சிவபாலன் சிரிக்கவில்லை. "அண்ணை," என்றான் தலைவரிடம், "ஓடுற வண்டிக்கு எனக்குக் கிளச் வேண்டாம். நிக்கிற வண்டிக்குத்தான் வேணும். அதுக்கு வளையம் போடுறன். ஒருக்கா ஓடிக் காட்டுறன். பிழைச்சால் இனிமேல் கேக்கமாட்டன்."

பரமசிவம் யோசித்தார். விதைப்புக்கு ஒரு கிழமை இருந்தது. "வளையத்தைப் போடு," என்றார். "ஆனா பின்னால நான் இருப்பன்."

7

வளையம் சைக்கிள் ரியூப்பில் வெட்டியது. இரண்டு விரல் அகலம். ஒரு முனை லீவரில் முடிச்சு. மறுமுனை மணிக்கட்டுக்கு மேலே. கையைப் பின்னுக்கு இழுத்தால் லீவர் மூடும். முன்னுக்கு விட்டால் திறக்கும்.

காலை எட்டு மணி பத்து நிமிடம். குளத்துத் தண்ணீர் திறக்கும் துருசடியிலிருந்து சிவப்புத் தடி வரை போய்த் திரும்பி வர வேண்டும், வழியில் மூன்று தரம் நிறுத்தி வெளிக்கிட வேண்டும் என்பது பேச்சு. பின்னால் இரண்டு மூட்டை விதைநெல். அவற்றின் மேல் பரமசிவம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. வாய்க்கால் பக்கமாக ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"தலைவரை ஊறப்போடாத," என்றான் யோகன்.

சிவபாலன் இயந்திரத்தைக் கிளப்பினான். முன்கை பின்னுக்குப் போனது. வளையம் இறுகி லீவர் மூடியது. கால் ஒருதரம் தட்டியது. கை மெல்ல முன்னுக்கு வந்தது. வண்டி பாயவில்லை. போனது.

நான் குளக்கட்டால் பக்கத்தில் நடந்தேன், பிறகு ஓடினேன். இரண்டாம் கியருக்கு மாறும்போது அவன் இடது கை வெறுமனே கைபிடியில் கிடந்தது. வலது பெருவிரல் ஒரு கணம் எழும்பியது. கால்விரல் மேலே நிமிர்ந்தது. கேட்டது 'டிக்' என்ற ஒரு சத்தம் மட்டும். மூன்றாம் கியருக்கும் அப்படியே. பரமசிவம் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, காதை இயந்திரத்தின் பக்கம் கொடுத்துக்கொண்டு இருந்தார். ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்பவரைப் போல.

முதல் நிறுத்தம் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் ஈர மணல். வளையம் மணிக்கட்டில் வழுகியது. இயந்திரம் இரண்டு தரம் இருமியது. பரமசிவம் மூட்டையைப் பிடித்தார். சிவபாலன் கையை முழங்கை வரை பின்னுக்கு இழுத்து, வளையத்தைப் பல்லால் கடித்து மேலே ஏற்றி, திரும்ப விட்டான். வண்டி மணலிலிருந்து ஏறியது.

திரும்பி வந்து நின்றதும் பரமசிவம் உடனே இறங்கவில்லை.

"எங்கெங்க கிளச் பிடிச்சனி?"

"வெளிக்கிடேக்க. நிப்பாட்டேக்க. கியர் இறக்கேக்க."

"ஏத்தேக்க?"

"இல்லை."

"ஏத்தேக்கதான் எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்றார் பரமசிவம். யோகனைப் பார்த்தார். "நீ ஓடேக்க எல்லாத்துக்கும் பிடிக்கிறனி. அப்ப எனக்கு அந்தக் 'கடக்' கேக்கிறது."

"நான் உழவு மிசின்காரன், அண்ணை. எனக்கு விதைப்பு முடியுமட்டும் உழவே கிடக்கு." யோகன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். சிவபாலன் வலது கையால் வாங்கினான்.

அன்று பின்னேரக் கூட்டக் குறிப்பை எனக்குக் காட்டினார்கள். கொப்பியில் கோடு போட்டு எழுதியிருந்தது: 'நாலு சில்லு வண்டி. சாரதி: சிவபாலன். கிளச் தேவையான இடத்தில் பிடிக்கப்பட வேண்டும்.' சிவபாலன் அந்த வரியை வாசித்தான். பிறகு மேலேயும் கீழேயும் இருந்த வரிகளையும் வாசித்தான், தன் பெயர் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று பார்ப்பவனைப் போல. இல்லை.

8

அதே சனிக்கிழமை மத்தியானம் நிலா செம்மறி மணத்தோடு திரும்பி வந்தாள். கதையைச் சொன்னேன். தமிழ் போதாத இடங்களில் நோர்வே மொழியில் சொன்னேன். அவள் பல இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பல்லால் கடித்து இழுத்த இடத்தை இரண்டு தரம் கேட்டாள். அப்புறம், நான் எடுக்கச் சொல்லாமலே, வசந்தியின் கைத்தொலைபேசியை எடுத்து மாமாவுக்குக் காணொளி அழைப்பு எடுத்தாள். அங்கே அப்போது மூன்றரை மணி.

அவன் வயலில் நின்றான். பின்னால் குளக்கட்டு. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் தலைமயிர் நரைத்திருந்தது. மாரிக் காலபோக நெல் விதைப்புத் தொடங்கியிருந்தது.

"மாமா, கிளச்சைக் காட்டுங்கோ," என்றாள் நிலா.

"என்ன?"

"கிளச். அந்த வளையம்."

அவன் தொலைபேசியைத் திருப்பினான். பச்சை நிறம் வெளிறிய வண்டி. சேறு. இடது கைபிடியில் கறுப்பு ரியூப். கையை வளையத்துக்குள் விட்டு, பின்னுக்கு இழுத்தான். லீவர் மூடியது. முன்னுக்கு விட்டான்.

"இன்னொருக்கா," என்றாள் நிலா.

இன்னொருக்கா செய்தான். அவள் தன் இடது கை விரல்களை மடித்து, பெருவிரலை மட்டும் வெளியே விட்டு, சமையலறைக் கதிரையின் சட்டத்தை மணிக்கட்டால் இழுத்துப் பார்த்தாள்.

"வளையம் அறுறேல்லையோ?" என்று நான் கேட்டேன்.

"அறும் அத்தான். அறுந்தால் வேற வெட்டுறது. இது ஏழாவது."

கியர்ப்பெட்டி இதுவரை திருத்துவதற்கென்று ஒரு தரமும் திறக்கப்படவில்லை.